87 கருவிகள் கொண்ட கத்தியும் உங்கள் கம்ப்யூட்டரும்

சுவிட்சர்லாந்தின் வெங்கர் நிறுவனம் 2000களில் ஜெயன்ட் என்ற மடக்குக் கத்தியை விற்றது. அதில் 87 கருவிகள். 141 வேலைகள் செய்யலாம். கின்னஸிலும் இடம் பிடித்தது. ஆனால் எடை ஒரு கிலோவுக்கு மேல். எந்தச் சட்டைப் பையிலும் நுழையாது. கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியதால் ஒரு கையில் அடங்காத தடிமன். சின்ன ஸ்க்ரூவைக் கழற்றக்கூட முழுக் கத்தியையும் சேர்த்துத் திருப்ப வேண்டும்!

எங்கள் ஊர் நடுவட்டத்தில் தேயிலைச் செடியைக் கையால் கவாத்து செய்பவரிடம் இருப்பது ஒரே ஒரு கவாத்துக் கத்திதான்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் முதலில் தேடுவது ஜெயன்ட் போன்ற "ஆல் இன் ஒன்" புரோகிராமைத்தான். குப்பை நீக்கும், வேகம் கூட்டும், வைரஸ் பிடிக்கும் என்பார்கள். என் சித்தப்பாவும் அப்படி ஒன்றை இன்ஸ்டால் செய்தார். 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப். புரோகிராமின் பல பகுதிகள் விண்டோஸுடன் சேர்ந்தே இயங்கத் தொடங்கியதால் வேகம் குறைந்தது. அதுகூடப் பரவாயில்லை. "கிளீன்" பட்டனை அழுத்தியதும் டவுன்லோட்ஸ் போல்டர் காலி. தங்கையின் மதிப்பெண் சான்றிதழ் ஸ்கேன்கள் அதில்தான் இருந்தன. கல்லூரி விண்ணப்பத்திற்கு மறுநாள் கடைசி நாள். மழையில் கூடலூர் போய் மீண்டும் ஸ்கேன் செய்து வந்தோம்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தேவையான கருவிகள் தனித்தனியாக உள்ளன. வைரஸுக்கு டிபெண்டர் உண்டு. ஸிப் பைலை விரிக்க அதன் மீது ரைட் கிளிக் செய்து எக்ஸ்ட்ராக்ட் ஆல் தேர்ந்தெடுத்தால் போதும். பிடிஎப் பைல் எட்ஜ் பிரவுசரிலேயே திறக்கும்.

குப்பை நீக்க செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி பைல்ஸ் என்று செல்லுங்கள். வரும் பட்டியலை அவசரப்படாமல் படியுங்கள். டவுன்லோட்ஸ் என்ற வரியில் டிக் இருக்கக் கூடாது; இருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகே ரிமூவ் பைல்ஸ் அழுத்துங்கள். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் புரோகிராம்கள் பக்கமே போகாதீர்கள். மைக்ரோசாப்டே அவற்றை ஆதரிப்பதில்லை.

ஏற்கனவே இன்ஸ்டால் செய்துவிட்டீர்களா? கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியில் அதன் பெயர் இருந்தால் ரைட் கிளிக் செய்து டிசேபிள் கொடுங்கள். ஒரு வாரம் அது இல்லாமல் எந்த வேலையும் நிற்கவில்லை என்றால் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டால் செய்துவிடலாம். சித்தப்பா வீட்டில் மூன்றே நாளில் நீக்கிவிட்டோம். சான்றிதழ்கள் இப்போது தனி போல்டரில் இருக்கின்றன. ஒரு நகல் பென் டிரைவில், பீரோவுக்குள்.