புளி போட்டுத் தேய்த்த பொத்தான்

சென்ற ஆண்டு ஆடி மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தீப்பெட்டிக்குள் ஒரு பொருளை வைத்துக் கொண்டுவந்தான். பச்சைக் களிம்பு ஏறிய, வட்டமான பித்தளைத் துண்டு. பின்புறம் நூல் கோக்க ஒரு வளையம் இருந்தது. "கடலைக்காட்டுல கெடச்சது டீச்சர். பட்டாளத்துச் சட்டைப் பொத்தானாம், தாத்தா சொன்னாரு. ஏதோ எழுதியிருக்கு பாருங்க" என்றான். நடுவில் ஓர் எண் போலவும், விளிம்பைச் சுற்றி எழுத்துகள் போலவும் தெரிந்தன.

அந்த வாரம் வகுப்பு முழுவதும் ஒரு காணொலியைப் பற்றித்தான் பேச்சு. வெளிநாட்டுக்காரர் ஒருவர் மெட்டல் டிடெக்டருடன் காட்டில் நடக்கிறார். கருவி ஒலித்த இடத்தில் தோண்டுகிறார். துருப்பிடித்த போர்க்கத்தி கிடைக்கிறது. அதை அமிலத்தில் ஊறவைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, பளபளவென்று காட்டுகிறார். எனக்கும் அந்த உற்சாகம் தொற்றிக்கொண்டது. சத்துணவுக் கூடத்தில் கொஞ்சம் புளி வாங்கி ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்தேன். பொத்தான் தங்கம் போல மின்னியது. ஆனால் எழுத்துகளைக் காணவில்லை.

அடுத்த வாரம் அதை அருங்காட்சியகக் காப்பாட்சியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் இரண்டே கேள்விகள் கேட்டார். "சரியாக எந்த இடத்தில் கிடைத்தது?" "யார் தேய்த்தது?" முதல் கேள்விக்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. இரண்டாவது கேள்விக்கு நான்தான் பதில். பொத்தானைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மாணவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலித் தீப்பெட்டியை மட்டும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அந்தத் தவறிலிருந்து உருவான நான்கு பாடவேளைகளைத்தான் இங்கே பகிர்கிறேன்.

முதல் பாடவேளை: கருவியும் களமும்

காணொலியில் பார்த்த கருவியிலிருந்தே தொடங்கினேன். அதன் கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் பாய்ந்து, மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அதன் எதிர்ப்புலத்தை உணர்ந்து கருவி ஒலிக்கிறது. 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இப்படியொரு கருவியை உருவாக்கினார். குண்டு கிடைக்கவில்லை. ஆனாலும் மின்காந்தத் தூண்டல் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

பிறகு கரும்பலகையில் ஓர் ஆற்றையும் சில குன்றுகளையும் வரைந்தேன். அது அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள லிட்டில் பிக்ஹார்ன். 1876 ஜூன் 25 அன்று, ஜார்ஜ் கஸ்டர் தலைமையிலான குதிரைப்படை லகோட்டா, செயென் பழங்குடியினரின் பெரிய குடியிருப்பைத் தாக்கச் சென்றது. கஸ்டருடன் நேரடியாகச் சென்ற சுமார் 210 பேரில் ஒருவர்கூட உயிருடன் திரும்பவில்லை.

படைவீரர்கள் கடைசித் தோட்டா வரை உறுதியாக நின்று போரிட்டார்கள் என்ற கதை அமெரிக்கா முழுவதும் பரவியது. ஓவியமாகி மதுக்கடைச் சுவர்களிலும் தொங்கியது. நேரில் பார்த்தவர்களோ மறுபக்கத்தில் இருந்தார்கள். லகோட்டா வீரர் ரெட் ஹார்ஸ் 1881இல் அந்தப் போரை 40க்கும் மேற்பட்ட படங்களாகவே வரைந்து கொடுத்தார். இருந்தும் பழங்குடியினரின் சாட்சியத்தைப் பலர் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை.

1983இல் ஒரு காட்டுத்தீ அந்தப் புல்வெளியை எரித்துத் தரையை வெளிக்காட்டியது. 1984, 1985ஆம் ஆண்டுகளில் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்னும் தொல்லியலாளர்கள் மெட்டல் டிடெக்டர் வைத்திருந்த தன்னார்வலர்களை வரிசையாக நடக்கவிட்டார்கள். கருவி ஒலித்த இடத்தில் சிறு கொடி நடப்பட்டது. ஒவ்வொரு பொருளின் இடமும் அளந்து குறிக்கப்பட்ட பிறகே அது எடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பொருள்கள் கிடைத்தன.

துப்பாக்கியின் ஊசி மோதும்போது தோட்டா உறையின் அடியில் ஒரு தழும்பு விழும். அது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும், கைரேகை மாதிரி. நுண்ணோக்கியில் அந்தத் தழும்புகளை ஒப்பிட்டபோது, ஓரிடத்தில் சுட்ட அதே துப்பாக்கி பின்னர் வேறொரு குன்றருகே சுட்டது தெரிந்தது. இப்படி யார் எங்கிருந்து எங்கே நகர்ந்தார்கள் என்று வரைபடமே போட முடிந்தது. படைவீரர்களிடம் ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும் துப்பாக்கிகள் இருந்தன. பழங்குடியினர் சிலரிடம் தொடர்ந்து சுடும் ஹென்றி, வின்செஸ்டர் துப்பாக்கிகள் இருந்தன. கடைசிக் குன்றில் நீண்ட வீரப்போர் நடக்கவில்லை, படையின் கட்டுக்கோப்பு முன்பே குலைந்துவிட்டது என்ற முடிவுக்கு ஃபாக்ஸ் வந்தார். பழங்குடியினர் சொன்னவற்றோடு அது பெரிதும் ஒத்துப்போனது.

"அப்போ அவங்க சொன்னது பொய்யில்லையா டீச்சர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள். அந்த உறைகளை யாராவது முன்பே பொறுக்கித் தேய்த்து மேசைமேல் வைத்திருந்தால் நமக்கு இது தெரிந்திருக்குமா என்று நான் கேட்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது.

இரண்டாம் பாடவேளை: மைதானத்தில் ஒரு களம்

தேவையானவை: சோடா மூடிகள் 60, துடைப்பக்குச்சிகள், வண்ணத்தாள், அளவுநாடா, கவராயம், சார்ட் தாள்.

மூடிகளை மூன்று பங்காகப் பிரித்து, ஒரு பங்கில் ஆணியால் ஒரு துளையும், அடுத்ததில் இரு துளைகளும், மூன்றாவதில் திருப்புளியால் ஒரு கோடும் பதித்தேன். ஒவ்வொரு குறியும் ஒரு துப்பாக்கி. மைதானத்தில் 10 மீட்டர் சதுரம் போட்டு, மாணவர்கள் வருவதற்கு முன் மூடிகளைச் சருகுகளுக்கிடையே பரப்பிவைத்தேன். கோட்டுக்குறி மூடிகள் மட்டும் தெற்கு ஓரத்திலிருந்து வடக்கு நோக்கி ஒரு பாதையாகக் கிடந்தன.

பத்து மாணவர்கள் ஒரு மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடக்க வேண்டும். மூடியைக் கண்டால் தொடாமல் பக்கத்தில் கொடி நட வேண்டும். பிறகு சதுரத்தின் இரு மூலைகளிலிருந்து ஒவ்வொரு கொடிக்கும் உள்ள தூரத்தை அளந்து, சார்ட்டில் கவராயத்தால் இரு விற்கள் போட்டால், அவை வெட்டும் புள்ளியே மூடியின் இடம். மூன்று பக்கம் கொடுத்து முக்கோணம் வரையும் பாடம் இங்கே தானாக வந்துவிடுகிறது.

எங்கள் வகுப்பில் இரு மாணவர்கள் ஆர்வத்தில் நடுப்பகுதியிலிருந்து நான்கு மூடிகளை எடுத்துவிட்டார்கள். வரைபடத்தில் பாதை அறுந்துபோனது. தெற்கிலிருந்தவர் வடக்கே சென்றாரா, ஒரே துப்பாக்கி கைமாறியதா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. நான்கு மூடிகளும் மேசைமேல்தான் இருந்தன. அவற்றால் எந்தப் பதிலும் சொல்ல முடியவில்லை. நான் திட்டமிடாத இந்தப் பிழையே அன்றைய பாடத்தின் உச்சம்.

மூன்றாம் பாடவேளை: களிம்பும் துருவும்

இதற்குப் புழக்கத்தில் உள்ள பழைய பித்தளைச் சாவிகளும் ஆணிகளும் போதும். பழம்பொருள் எதையும் பயன்படுத்தக் கூடாது. ஒரு சாவியை இரவு முழுவதும் புளிக்கரைசலில் ஊறவைத்தோம். காலையில் களிம்பு போயிருந்தது, சாவியோ செம்பு நிறத்துக்கு மாறியிருந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. டார்டாரிக் அமிலம் களிம்போடு நிற்காமல் மேற்பரப்பிலுள்ள துத்தநாகத்தையும் கரைக்கிறது. வீட்டுக் குத்துவிளக்குக்கு இது பெரிய நட்டமில்லை. முடி அளவு ஆழமே உள்ள எழுத்துக்கு அதுவே முடிவு.

இரும்பில் நிலைமை இன்னும் சிக்கல். பொருளின் பழைய மேற்பரப்பு துருவின் அடுக்குகளுக்குள்ளேயே தங்கியிருக்கும். துருவை முழுதாகச் சுரண்டினால் வடிவமும் போய்விடும். மண்ணிலுள்ள உப்பு இரும்புக்குள் புகுந்திருந்தால், வெளியே எடுத்த பிறகும் அரிப்பு தொடரும். அதனால்தான் அருங்காட்சியகங்களில் நுண்ணோக்கியின் கீழ் சிறிது சிறிதாகத் துருவை நீக்கி, காரக்கரைசலில் வைத்து உப்பை வெளியேற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் பாதுகாக்கிறார்கள். பழைய ஈயக் குண்டின் மேல் படியும் வெண்பொடி நச்சு. அதைத் தேய்க்கவே கூடாது, தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

நான்காம் பாடவேளை: தொடவே கூடாதவை

இதை எந்த வகுப்பிலும் விட்டுவிட வேண்டாம். 2018 ஜூனில் ராமேசுவரம் அருகே தங்கச்சிமடத்தில் வீட்டுக்குக் கழிவுநீர்த் தொட்டி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் வெளிவந்தன. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் முதல் உலகப்போர்க் குண்டு ஒன்று 2014இல் வெடித்துக் கட்டடத் தொழிலாளர் இருவர் இறந்தார்கள். துருப்பிடித்ததால் வெடிமருந்து செத்துவிட்டது என்று பொருளில்லை.

மாணவர்களிடம் நான் எழுதவைத்த விதிகள் இவை. சந்தேகமான உலோகப் பொருளைத் தொடாதே, தட்டாதே, தீயில் போடாதே, பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோகாதே. விலகி நின்று மற்றவர்களையும் தடுத்து நிறுத்து. பெரியவர்கள் மூலம் காவல்துறைக்குத் தெரிவி.

சட்டத்தையும் சொன்னேன். 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள கலை, வரலாற்றுப் பொருள்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். மண்ணில் புதைந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். காணொலியில் பார்ப்பதுபோல் கருவி வாங்கித் தோண்டக் கிளம்புவது இங்கே விளையாட்டல்ல.

இந்த ஆண்டு தை மாதம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓடிவந்தாள். "ஏரிக்கரையில ஏதோ இரும்பு தெரியுது டீச்சர். நான் தொடல. தள்ளி ஒரு குச்சி நட்டுட்டு வந்துட்டேன்" என்றாள். தகவல் சொல்லிப் பார்த்தபோது அது பழைய பம்புசெட்டின் மூடி. எல்லோரும் சிரித்தார்கள். நான் அவளை இறைவணக்கக் கூட்டத்தில் பாராட்டினேன்.

பொத்தான் எங்கள் வகுப்பு அலமாரியில் இருக்கிறது. அதன் அட்டையைக் கண்டெடுத்த மாணவனையே எழுதச் சொன்னேன். அவன் எழுதியது: "கிடைத்த இடம்: கடலைக்காடு, சரியாகத் தெரியாது. எழுத்து: இருந்தது. தேய்த்தவர்: டீச்சர்." திருத்தாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.