படைப்பணியும் பட்டப்படிப்பும்

பெங்களூருவில் அல்சூர் ஏரியை ஒட்டியுள்ள சென்னைப் பொறியாளர் படைப்பிரிவு மையத்தில் தமிழ் இளைஞர் பலர் தலைமுறைகளாகப் பயிற்சி பெற்று வந்துள்ளனர். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம், படையில் சேர்வோரின் பணிக்காலத்தை நான்கு ஆண்டுகளாக வரையறுத்தது. அவர்களுள் 25 விழுக்காட்டினர் வரையே நிரந்தரப் பணி பெறுவர் எனவும் வகுத்தது. ஏனையோர் இளவயதிலேயே, பட்டமின்றி, மீண்டும் வேலை தேட நேரிடும்.

இந்நிலையைத் தவிர்க்கும் நோக்கில், 1985இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக மூன்றாண்டுப் பட்டப்படிப்பு ஒன்றும் அவ்வாண்டே அறிவிக்கப்பட்டது. பட்டத்திற்குரிய தகுதிப் புள்ளிகளில் பாதி, படையில் பெறும் தொழிற்பயிற்சிக்கே வழங்கப்படும். மறுபாதியை மொழி, பொருளாதாரம், வணிகவியல் போன்ற பாடங்களைப் பயின்று ஈட்ட வேண்டும். பத்தாம் வகுப்பு மட்டுமே முடித்தோர், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே பன்னிரண்டாம் வகுப்பை நிறைவு செய்யலாம்.

உயர்கல்வியின் செலவு கட்டணம் மட்டுமன்று. படிக்கும் ஆண்டுகளில் இழக்கும் ஊதியமும் அதில் அடங்கும். பணியிலிருந்தவாறே பயிலும் வீரருக்கு இவ்விழப்பு இல்லை. அவருக்கு அரிதானது நேரமே. ஆகவே, படைப்பிரிவுகள் வாரந்தோறும் சில மணி நேரத்தைப் படிப்பிற்கென ஒதுக்குமாயின், ஏட்டிலுள்ள இத்திட்டம் வீரரின் வாழ்விலும் பயன் தரும்.