நீலத்தில் வெண்மையைக் காக்கும் அரிசிப் பசை

நீலத் துணியில் வெண்பூக்களைக் காணுங்கால், அவை வெண்சாயத்தால் அச்சிடப்பட்டவை என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. சாயம் ஏறாதபடி காக்கப்பட்ட துணியின் இயல்பான வெண்மையே அது. ஜப்பானியர் நெடுங்காலமாகப் போற்றிவரும் ‘கத்தாசோமே’ என்னும் இக்கைத்தொழிலின் முறையை இங்கு விளக்குவோம்.

அச்சுத்தாள்

மரப்பட்டை நாரினால் செய்த தாள்களைப் பெர்சிமன் காயின் துவர்ச்சாற்றால் ஒட்டி, நீர் தாங்கும் தாளாக்குவர். அதில் பூவேலையைக் கத்தியால் வெட்டியபின், மெல்லிய பட்டு வலையை ஒட்டுவர். தனித்து நிற்கும் சிறு துண்டுகளை வலை விழாது தாங்கும். இன்று மரச்சட்டத்தில் வலைத்துணியை இழுத்துக் கட்டியும் அச்சிடலாம். பசை தடிப்பானதாகையால் வலையின் கண்கள் சற்றுப் பெரியனவாக இருத்தல் வேண்டும்.

பசை

நாம் புளுட் என்று வழங்கும் ஒட்டரிசியின் மாவையும் நன்கு அரைத்த தவிட்டையும் நீர்விட்டுப் பிசைந்து, ஆவியில் வேகவைத்து, சூட்டோடு இடித்துக் குழைப்பர். சிறிது சுண்ணாம்பும் உப்பும் சேர்ப்பர். உப்பு, பசை முற்றும் உலர்ந்து வெடிக்காமல் காக்கும். வெடித்தால், அவ்விடுக்கில் சாயம் புகுந்து வெண்மையில் நீலக்கோடுகள் ஓடும். பசையை மரத்தகட்டால் ஒரே சீராக இழுத்து, காய்ந்தபின் சோயா மொச்சையின் பாலைத் துணிமேல் பூசுவர்.

சாயத்தொட்டி

கொதிக்கும் சாயத்தில் அரிசிப் பசை நில்லாது. அவுரி நீலமோ அதிகச் சூடின்றியே ஏறும்; ஆதலால் இவ்விரண்டும் பொருந்துகின்றன. தொட்டியிலிருந்து எடுக்கும்போது மஞ்சள் கலந்த பச்சையாகத் தோன்றும் துணி, காற்றுப்பட்டு நீலமாக மாறும். அடர்ந்த நிறம் வேண்டுமெனில் நெடுநேரம் ஊறவைத்தல் தவறு, பசை கரைந்துவிடும். சிறிது நேரம் தோய்த்து, காற்றில் உலர்த்தி, மீண்டும் மீண்டும் தோய்த்தலே முறை. இறுதியில் நீரில் ஊறவைத்தால் பசை தானே இளகும், சுரண்டுதல் கூடாது.

சுண்ணாம்பையும் சாயநீரையும் கையாளுகையில் கையுறை அணிக. குழந்தைகளை அருகில் விடாதீர்.

1897-இல் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. ஆயினும் இக்கலை அழியவில்லை. செரிசாவா கெய்சுகே என்னும் கலைஞரை 1956-இல் ஜப்பானிய அரசு ‘வாழும் தேசியச் செல்வம்’ எனச் சிறப்பித்தது.

கத்தி சற்று ஆழ்ந்தால் பால்மரம் நெடுங்காலம் வருந்தும் என்பதை அறிந்த நமக்கு, இக்கைப்பக்குவத்தின் அருமை எளிதில் விளங்கும். ஒரு கைக்குட்டை அளவில் தொடங்கிப் பழகுவோம். பொறுமையே இத்தொழிலின் முதல் மூலதனம்.