தோலில் ஒரு கோலம்

மேற்கு வங்கத்தின் சாந்திநிகேதனுக்குச் செல்வோர், அங்குள்ள கடைகளில் வண்ணம் தீட்டிய தோற்பொருள்களைக் காணலாம். கைப்பை, பணப்பை, தேநீர்க் குவளையின் அடியில் வைக்கும் சிறு வட்டம் என அவை பல வகைப்படும். 1922ஆம் ஆண்டில் இரவீந்திரநாத் தாகூர், அருகிலுள்ள சுருல் என்னும் சிற்றூரில் ஊரகச் சீரமைப்பிற்காக ஸ்ரீநிகேதனைத் தொடங்கினார். அவருடைய மகன் ரதீந்திரநாத்தும் மருமகள் பிரதிமா தேவியும் இக்கைத்தொழிலை அங்கு வளர்த்தனர்.

இவ்வேலைக்கு உகந்தது ஈ.ஐ. தோல். 'ஈஸ்ட் இந்தியா' என்பதன் சுருக்கமே ஈ.ஐ. இதன் தாயகம் தமிழ்நாடு. திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல், ஈரோடு ஆகிய ஊர்களில் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்டனர். பின்னர்க் கடுக்காய்ச் சாற்றிலும் ஊறவைத்தனர். இன்று ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் மரப்பட்டை பெரிதும் பிடித்துக்கொண்டது. தோலைத் தொட்டு உழைத்தவர்களை ஊர் ஒதுக்கிவைத்தது. அவர்கள் செய்த தோலையோ கடல் கடந்த நாடுகள் விரும்பி வாங்கின. இம்முரண் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலின் நார்களோடு பிணைந்துவிடுகிறது. அத்தகைய தோலை ஈரமாக்கி அழுத்தினால், அழுத்திய தடம் உலர்ந்த பின்னும் நிலைத்திருக்கும். குரோமிய உப்பால் பதனிட்ட தோலில் தடம் நன்கு பதியாது. கடையில் ஒரு துளி நீரை விட்டுப் பார்த்தாலே வேறுபாடு பெரும்பாலும் தெரிந்துவிடும்: மேற்பூச்சு இல்லாத பட்டைத்தோல் நீரை உறிஞ்சிக் கருக்கும்.

வீட்டில் குவளைத்தாங்கி செய்ய, 10 செ.மீ. விட்டமுள்ள வட்டமாகத் தோலை வெட்டிக்கொள்ள வேண்டும். கத்தியைப் பெரியவரே கையாளுதல் நன்று. தோலை நனைந்த பஞ்சால் முழுவதும் ஒற்றி, சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். பொறுமை மிகத் தேவைப்படும் இடம் இதுவே. ஈரம் மிகுந்தால் கோடு மழுங்கும். குறைந்தால் கோடு விழவே விழாது. கருத்த தோல் தன் பழைய நிறத்திற்குத் திரும்பத் தொடங்கும், ஆயினும் தொட்டால் குளிர்ந்திருக்கும். அதுவே தக்க பதம்.

அப்போது மை தீர்ந்த பேனாவின் முனையால் ஓவியத்தை அழுத்தி வரையலாம். வங்கத்தார் ஆல்பனாவின் கொடியையும் இலையையும் வரைவர். தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிக்குக்கோலம் உண்டு; தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் அதன் கோடு வட்டத்திற்குள் அழகாக அடங்கும். கோட்டின் இருபுறமும் எவர்சில்வர் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தித் தேய்த்தால் கோலம் மேலெழுந்து நிற்கும். இரும்புக் கருவி ஈரத்தோலில் படலாகாது. பட்ட இடம் கருத்துவிடும். கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து முன்னோர் எழுதுமை செய்ததும் இந்த வேதியியலால்தான்.

வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வளையும். ஆகவே நிழலில் உலர்த்த வேண்டும். நன்கு உலர்ந்தபின் அக்ரிலிக் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து, மெல்லிய பூச்சாக இருமுறை தீட்டலாம். தடித்துப் பூசிய வண்ணம் வெடிக்கும். எழுந்து நிற்கும் கோட்டிற்கு வண்ணமே தீட்டாமல் தோலின் இயற்கை நிறத்தை விட்டுவைப்பது இன்னும் அழகு. நீர் புகாதிருக்க மேலே வார்னிஷ் பூச வேண்டும். ஆட்டுத்தோல் மெல்லியது, ஆதலால் அடியில் தக்கைத் தாளை ஒட்டினால் தாங்கி மேசையில் வழுக்காது.

சொற்பொருள்
பதனிடுதல் – தோல் அழுகாதவாறு பக்குவப்படுத்துதல்
அன்னபேதி – இரும்பும் கந்தகமும் சேர்ந்த உப்பு
தக்கை – எடை குறைந்த மென்மையான மரப்பொருள்

பயிற்சி
1. ஈரத்தோலில் இரும்புக் கருவி ஏன் படலாகாது?
2. நீர்க்க + கரைத்து, வட்டம் + ஆக: இரண்டில் எது இயல்பாகச் சேரும்? எதில் ஒற்று மிகும்?
3. உம் வீட்டுப் பெரியவரிடம் ஆவாரம்பூவைப் பற்றிக் கேட்டு ஐந்து வரிகள் எழுதுக.