தட்டோடு கேட்டவர்களையும் சேர்த்து வை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய இரண்டு பாடல்களையும் கேட்டேன். ஜோங்கர் வீதிப் பழம்பொருள் கடைகளிலும் ஜாசின், அலோர் காஜா பக்கத்து வீடுகளிலும் பழைய இசைத்தட்டுகளைத் தேடி எடுக்கிறாய். அதிலிருந்து ஒரு வயலின் இழுப்பையோ தபேலாத் துணுக்கையோ வெட்டியெடுத்து, அதன்மேல் உன் தாளத்தைக் கட்டுகிறாய். உனக்கு நல்ல காது. இந்த வேலை உனக்குக் கைகூடும் என்று நம்புவதால் எழுதுகிறேன். உன்னைப்போல் இந்தப் பக்கம் வந்திருக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகை வழியாக எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: தட்டைச் சேர்க்கும்போது அதைக் கேட்டவர்களையும் சேர்த்துக்கொள்.

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் நம் மலாக்காவில்தான் எழுந்தது. 1896-இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்று நட்டார். பிறகு மாநிலமெங்கும் பரவிய தோட்டங்களில் நம் ஆட்கள் பால்மரம் வெட்டினார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் மின்சாரம் எட்டாத காலத்திலும் கிராமபோன் பாடியது; கையால் விசையை முறுக்கினால் போதும், ஓடும். ஆனால் பெட்டியும் தட்டும் வாங்கக் கூலிக்காரர் கையில் காசு ஏது? தோட்ட எழுத்தரான கிராணி வீட்டிலோ கடைக்காரர் வீட்டிலோ ஒன்று இருக்கும். லயத்துச் சனம் வாசலில் உட்கார்ந்து கேட்கும். தட்டு ஒருவருடையது, பாட்டு எல்லாருடையது.

அடுத்து வந்தவர் மைக் செட்காரர். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் அவர்தான் உயிர். நான் சிறுவனாகப் பக்கத்தில் நின்று பார்த்த ஒருவரின் கைகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. தட்டின் நடுவே ஒட்டிய தாளில் பேனாவால் எண் போட்டிருப்பார். அந்த எண்களின் வரிசை ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். தட்டின் விளிம்பை மட்டும் இரு உள்ளங்கைகளால் தாங்கி எடுப்பார். விரல் ரேகை பள்ளத்தில் படவே படாது. ஊசியை இறக்குமுன் அதன் நுனியிலுள்ள தூசியை மெல்ல ஊதிவிடுவார். ஒரு பாட்டு முடியும்போதே அடுத்தது எது என்று கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்து முடிவு செய்துவிடுவார்.

விடியற்காலையில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. பிறகு எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள். கல்யாணமென்றால் முகூர்த்த நேரத்துக்கு நாகஸ்வரத் தட்டு. இரவானால் ‘திருவிளையாடல்’ (1965) கதை வசனம். தருமியாக நாகேஷ் புலம்பும் இடத்தை நாங்கள் வரி விடாமல் கூடவே சொல்வோம். எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு, எந்தக் கூட்டத்துக்கு எந்தக் குரல் என்று அறிந்திருந்தது ஒரு பெரிய கலை. அதற்கு யாரும் விருது தரவில்லை.

நீ கற்கும் கலையும் அப்படிப் பிறந்ததுதான். 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளையான கூல் ஹெர்க், தன் தங்கை நடத்திய விருந்தில் தட்டுப் போட்டார். ஆடுகிறவர்கள் எந்த இடத்தில் துள்ளுகிறார்கள் என்று கவனித்தார். ஒரே தட்டின் இரு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, அந்தத் தாளப் பகுதியை நீட்டும் முறை அவரிடமிருந்து பரவியது. ஹிப் ஹாப் அங்கிருந்து வளர்ந்தது. 2006-இல் நம் நாட்டு யோகி பி, நட்சத்ரா குழுவினர் ‘வல்லவன்’ ஆல்பத்தில், ‘நிழல்கள்’ (1980) படத்துக்கு இளையராஜா அமைத்த ‘மடை திறந்து’ பாடலை எடுத்துத் தங்கள் சொல்லைக் கட்டினார்கள். தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. பழைய பாட்டு எத்தனை பேர் நெஞ்சில் ஏற்கெனவே குடியிருந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவுதான் உனக்கும் வேண்டும்.

இன்று கேட்கும் முறை மாறிவிட்டது. 1963-இல் பிலிப்ஸ் கொண்டுவந்த கேசட், எண்பதுகளில் வீட்டுக்கு வீடு பாட்டைக் கொண்டு சேர்த்தது. 1979-இல் வந்த வாக்மேன் பாட்டை ஆளுக்கொரு காதுக்குள் வைத்தது. 2013-இல் ஸ்பாடிஃபை மலேசியாவுக்கு வந்தது. இப்போது உலகத்துப் பாட்டெல்லாம் கைப்பேசியில். இதை நான் குறை சொல்ல மாட்டேன். படுத்த படுக்கையாய் இருக்கும் ஒரு பாட்டி, தன் இளமையில் ஒரே ஒருமுறை கேட்ட பாட்டை இன்று நினைத்த மாத்திரத்தில் கேட்கிறாள். அது பெரிய பேறு. ஆனால் அதே காலத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. ஒரே ஒலிபெருக்கியின் கீழ் இருந்தவர்கள் தாமான் தாமானாகப் பிரிந்து போனார்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது. தட்டு இன்னும் நூறாண்டு கிடக்கும், அவர்கள் இருக்க மாட்டார்கள். முதலில் யாரிடம் போக வேண்டும் என்று உனக்கே புரியும்.

ஆகவே தட்டை வாங்கும்போது விலையோடு வரலாற்றையும் கேள். யார் வாங்கியது, எந்தத் தோட்டம், எந்த விசேஷத்துக்குப் போட்டார்கள்? கைப்பேசியில் பதிவு செய். தமிழ்த் தட்டு மட்டும் பொறுக்காதே. நம் வீடுகளில் மலாய்ப் பாடகர் பி. ரம்லியும் பாடினார்; டேவிட், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் ‘அல்லிகேட்ஸ்’ குழு மலாயில் பாடியதை நம் பிள்ளைகள் பெருமையோடு கேட்டார்கள். ஒரு வீட்டு அலமாரியில் இருந்ததைக் கலைக்காமல் அப்படியே குறித்துவை.

கைவேலையிலும் கவனம் வேண்டும். 78 வேகத் தட்டு அரக்கில் செய்தது. அதை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் கரைந்து கெடும். எல்பி தட்டு வினைல். அது வெயிலில் நிறுத்திய காரில் கிடந்தால் நெளிந்துவிடும். 78-இன் பள்ளம் எல்பியின் பள்ளத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம், அதற்குத் தனி ஊசி வாங்கு. நம் ஊர் ஈரத்தில் உறைகளில் பூஞ்சை ஏறும். தட்டுகளைச் செங்குத்தாக, காற்றோட்டமாக அடுக்கு. நடுத்தாளையும் அதை ஒட்டிக் கீறியிருக்கும் எண்ணையும் படமெடு. கணினியில் ஏற்றும்போது முதல் பிரதியில் இரைச்சலை நீக்காதே. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் அப்படியே பத்திரப்படுத்து. சுத்தம் செய்வதை இன்னொரு பிரதியில் செய். 1925-க்கு முந்தைய பதிவென்றால் பாடகர் மைக் இல்லாமல் புனலுக்குள் பாடியது. அந்தக் குரலின் கீழ்ச்சுரம் குறைவாய்க் கேட்பது உன் கருவியின் பழுதல்ல; அதைச் செயற்கையாக ஊதிப் பெருக்காதே.

வெட்டுமுன் பாட்டை முழுதாகக் கேள். 78-இன் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலே இடம். அதற்குள் சொல்ல வேண்டியதையெல்லாம் சுருக்கிச் சொன்னவர்கள் அந்தப் பாடகர்கள். நீ எடுக்கும் நான்கு நொடி எதற்காக அந்த இடத்தில் வந்தது என்று தெரிந்துகொண்டு எடு.

அனுமதியும் கேள். நம் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டுப் பாதுகாப்பு. இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் அவர் வாழ்நாளோடு மேலும் 50 ஆண்டு. தட்டு பழையது என்பதால் பாட்டு கேட்பாரற்றது ஆகிவிடாது. பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயரை உன் பெயருக்கு முன்னால் போடு. தட்டைக் கொடுத்தவர் சம்மதித்தால் அவருக்கும் நன்றி சொல்.

அடுத்த பாட்டை இணையத்தில் ஏற்றுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உன் தாமான் கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கு. பெரியவர்களை அழைத்து வா. காதுக்கருவி வேண்டாம், நல்ல ஸ்பீக்கர் இரண்டு வை. மூலத்தட்டை முதலில் முழுதாகப் போடு, பிறகு உன்னுடையதை. முகம் சுளித்தால் எந்த இடத்தில் என்று கேட்டுத் தெரிந்துகொள். அவர்கள் தங்கள் தோட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் குறுக்கிடாமல் பதிவு செய். அன்றைக்குத் தட்டுகள் போதாவிட்டால் எழுது, என்னிடம் இருப்பவற்றை நானே கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் பாடலைக் கேட்ட பெரியவன்