கவுனி அரிசியா, கம்பங்கூழா?

கேள்வி: கொந்தகைத் தாழிகளில் கிடைத்த எலும்பை வைத்தே, அன்றைக்கு அரிசி சாப்பிட்டார்களா, கம்பு சாப்பிட்டார்களா என்று சொல்ல முடியுமாமே?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: ஓரளவுக்கு முடியும். காற்றிலுள்ள கார்பனில் எடை 12 உள்ளதுதான் பெரும்பங்கு. 13 உள்ளது நூற்றில் ஒன்று. நெல், பருப்பு, காய்கறிச் செடிகள் 13-ஐ வெகுவாக ஒதுக்கிவிடும். கம்பு, சோளம், கேழ்வரகு, மக்காச்சோளம் அவ்வளவாக ஒதுக்காது. உண்டவரின் எலும்பிலும் பல்லிலும் அந்த விகிதம் பதிந்துவிடும். 1977-ல் நியூயார்க் மாநிலத்துப் பழங்குடி எலும்புகளில் மக்காச்சோளம் பிடிபட்டது இப்படித்தான். மாயர்களுக்கும் அதே மக்காச்சோளம்தான் பிரதான உணவு. அதனால் அங்கே கணக்கு சுலபம்.

நம் பக்கம் அப்படியில்லை. சிறுதானியம் எல்லாமே ஒரே கட்சி. கம்பா கேழ்வரகா என்று கார்பன் சொல்லாது. செட்டிநாட்டுக் கவுனி அரிசிக்கும் பொன்னிக்கும்கூட அதற்கு வித்தியாசம் தெரியாது! சோளத்தட்டை தின்ற மாட்டின் பாலைக் குடித்தவரும் சோளம் தின்றவர்போலத் தெரியலாம். கடல்மீனும் இதே குழப்பத்தைச் செய்யும். அங்கே நைட்ரஜன் கைகொடுக்கும். மீனும் கறியும் கூடினால் நைட்ரஜன் 15 ஏறும். இதையெல்லாம் சரிபார்க்க அதே ஊர் ஆடுமாட்டு எலும்பும் வேண்டும். கொந்தகைக்குப் பக்கத்திலுள்ள கீழடியில் அது நிறையவே கிடைத்திருக்கிறது.

நம் வெயிலில் எலும்பிலுள்ள புரதம் சீக்கிரம் சிதைந்துவிடும். பல்லின் எனாமல் தாங்கும். ஆனால் முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் மூன்று வயதுக்குள் உருவாகிவிடுவதால், அது சொல்வது தாய்ப்பாலையும் குழந்தைக்கு ஊட்டிய சோற்றையும்தான். பெரியவர் சாப்பாடு அதில் இருக்காது.