மலைக்கு முன் மேம்பாலம்

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். டிசம்பரில் நண்பர்களோடு கொடைக்கானல் பக்கம் மூன்று நாள் யோகா, மலையேற்ற முகாமுக்குப் போகிறோம். எப்படித் தயாராவது?

பதில்: ஆசனத்தை அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம், காலை இங்கேயே பழக்க வேண்டும். உங்கள் ஊரோ சமதரை. ரயில்வே நடைமேம்பாலப் படிகளை விட்டால் வேறு ஏற்றம் கிடையாது. முதுகுப்பையில் நான்கு லிட்டர் தண்ணீரோடு ஏறி இறங்குங்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்குவது பழகிவிடும். முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். நைட் ஷிப்ட் முடிந்த கையோடு வேண்டாம், தூங்கி எழுந்து செய்யுங்கள். கம்பெனி சேஃப்டி ஷூவோடு மலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். அதன் இரும்பு முனை இறக்கத்தில் கால் நகங்களை நசுக்கிவிடும்.

ஒத்திகைக்கு நம் மாவட்டத்திலேயே, பூண்டிக்கு அப்பால், கூடியம் குகைகள் இருக்கின்றன. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கமும் அந்தப் பக்கம்தான். வனத்துறை 2024-இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 வழிகளில் கூடியமும் ஒன்று. வழிகாட்டியும் உடன் வருவார்.

முகாம் நடத்துபவரிடம் சாப்பாட்டுப் பட்டியலுக்கு முன் வனத்துறை அனுமதியைக் கேளுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் உயிரிழந்தார்கள். டிசம்பரில் தீ பயம் குறைவு. மழை, வழுக்கல், அட்டை உண்டு.

பையின் கனம் உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால், முதலில் அந்த இரண்டாவது ஜீன்ஸை வெளியே எடுங்கள். நனைந்தால் மலைக்குளிரில் லேசில் காயாது.